இரண்டாவதாகக் குதிப்பவர்

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. திருமணம் ஒன்றுக்காக நாகர்கோவில் வந்திருந்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கடலில் இறங்கினார்கள். அலை இழுத்துக்கொண்டு போனதில் ஐந்து பேர் இறந்தார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்குவது எப்படி என்று படித்தவர்கள்.

அன்று அந்தக் கரைக்குக் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. கள்ளக்கடல் என்பது மீனவர்கள் வைத்த பெயர். யுனெஸ்கோ அமைப்பும் 2012-இல் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயற்காற்றில் எழும் நீள அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். உள்ளூரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். கரையில் நிற்கும் புதியவருக்குக் கடல் சாந்தமாகத் தெரியும். தொடர்ந்து சில அலைகள் சிறிதாக வந்து போகும். பிறகு வரும் ஒன்று முழங்காலுக்கு மேல் ஏறி, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

லெமூர் மரணங்களுக்கு முந்தைய அக்டோபரில் வால்பாறை அருகே சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிச் சிறுமிகள் நான்கு பேர் காவிரியில் போனார்கள். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கப்போன ஏழு பேர் போனார்கள். அந்த ஏழு பேருமே சிறுமிகளும் இளம்பெண்களும்தான்.

ஐந்து, ஐந்து, நான்கு, ஏழு. இந்த எண்களைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கால் வழுக்குவது ஒருவருக்குத்தான். மீதிப்பேர் ஏன் இறக்கிறார்கள்?

இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு முப்பத்தையாயிரத்துக்கும் மேல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு 38,000-ஐத் தாண்டியது. நாளொன்றுக்கு நூறு பேர். உலகளவில் 2021-இல் மூன்று லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் கல்லூரி வயதினர் தனி வகை. சிறு குழந்தை பெரியவர்களின் கண் தப்பித் தண்ணீரில் விழுகிறது. கல்லூரி மாணவர் தெரிந்தே இறங்குகிறார். நண்பர்களோடு இறங்குகிறார், பழக்கமில்லாத ஊரில் இறங்குகிறார், விடுமுறை நாளில் இறங்குகிறார். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்று வீட்டில் நம்புகிறார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை தவறு.

ஏன் என்று விளங்க, மூழ்குகிறவர் எப்படி இருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரைப்படத்தில் அவர் கையை ஆட்டுவார், ‘காப்பாத்துங்க’ என்று கத்துவார். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, 1970-களின் தொடக்கத்தில் உண்மையான மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. மூழ்குகிறவர் கத்துவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணத்தில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது, பேச எங்கே போவது? கையை ஆட்டுவதும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தண்ணீரை அழுத்துகிறார். உடம்பு செங்குத்தாக நிற்கிறது, கால் உதைப்பதே இல்லை. இந்தப் போராட்டம் நீர்மட்டத்தில் 20 முதல் 60 விநாடிதான் நீடிக்கும். பிறகு உள்ளே போய்விடுவார். பத்தடி தள்ளி நிற்கும் நண்பன் ‘சும்மா விளையாடுறான்’ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது நண்பனுக்குப் புரிந்துவிட்டது, குதிக்கிறான். மூழ்குகிறவரின் மூளையில் அப்போது ஒரே கட்டளைதான் ஓடுகிறது: எது கிடைத்தாலும் பிடித்து அழுத்தி மேலே ஏறு. கிடைப்பது நண்பனின் தோள். கழுத்தைக் கட்டுவார், தலைமேல் ஏறுவார். ஊரே மெச்சும் நீச்சல்காரன்கூட அந்தப் பிடியிலிருந்து விடுபடத் திணறுவான். ஓரளவு நீந்தத் தெரிந்தவனுக்கு வழியே இல்லை. மூன்றாமவன் இருவரையும் பார்த்துக் குதிக்கிறான். நான்காமவன் மூவரையும் பார்த்துக் குதிக்கிறான். நட்பு ஆழமாக இருக்கும் கூட்டத்தில் எண்ணிக்கை கூடுகிறது. எனக்கு இதில் தாங்க முடியாதது இதுதான்: இரண்டாவது, மூன்றாவது ஆள் கோழையாக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார்.

கோழையாக இருக்கச் சொல்லவில்லை. குதிக்காமல் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்கவந்த இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே துணி துவைத்துக் குளித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த புடவையை அவிழ்த்து, முடிந்து, தண்ணீரில் வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மற்ற இருவர் அதற்குள் முங்கிவிட்டார்கள். மூவருக்கும் அந்தச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மானத்தைப் பார்க்காமல் உயிரைப் பார்த்தார்கள் என்று அப்போது எல்லோரும் பாராட்டினோம், சரிதான். ஆனால் அவர்கள் செய்தது உணர்ச்சியில் விளைந்த காரியம் மட்டுமல்ல, முறையும் அதுதான். உலகெங்கும் உயிர்காப்புப் பயிற்சியில் முதல் பாடமே இது: கரையிலிருந்து கம்பை நீட்டு, கயிற்றை வீசு, மிதக்கும் பொருளை எறி. ஆறு கெஜம் புடவை ஐந்தரை மீட்டர் நீளம். இரண்டு துப்பட்டாவை முடிந்தால் நாலு மீட்டருக்கு மேல் வரும். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலித் தண்ணீர் கேன் ஒரு மனிதரின் முகத்தை மேலே வைத்திருக்கும். படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். நின்றுகொண்டு நீட்டினால் இழுக்கும் வேகத்தில் நீங்களும் உள்ளே போவீர்கள்.

கல்லூரி மாணவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசும்போது நான் இந்த இடத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் நீச்சல் வகுப்பு என்றால் கைவீச்சும் கால் உதைப்பும்தான். பதினைந்து நாள் கோடைப் பயிற்சி, ஃப்ரீஸ்டைலில் குளத்தின் குறுக்கே ஒரு முறை போய்விட்டால் ‘நீச்சல் வந்துவிட்டது’ என்ற சொல். அந்தச் சொல்தான் பிறகு ஆற்றில் இறங்க வைக்கிறது. தெளிந்த, அசையாத, அடி தெரிகிற, பிடித்துக்கொள்ள விளிம்பு உள்ள தண்ணீரில் 25 மீட்டர் போவது ஒரு திறமை. கொள்ளிடத்தின் இழுப்பில் இரண்டு நிமிடம் முகத்தை மேலே வைத்திருப்பது முற்றிலும் வேறு திறமை. பாதி நீச்சல் தெரிந்தவருக்கு, ஒன்றும் தெரியாதவருக்கு இருக்கும் பயம்கூட இருக்காது. ‘கற்றுக்கொடுத்தால் தைரியம் வந்து தண்ணீருக்குப் போவார்கள், அதனால் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்’ என்று சொல்லும் பெற்றோரின் அச்சத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் தெரியாதவர்களும் போகத்தான் செய்கிறார்கள். ஆகவே மாற்ற வேண்டியது பாடத்தின் வரிசையை.

வரிசை மூச்சில் தொடங்க வேண்டும். பதினெட்டு வயதில் முதன்முதலாகக் குளத்தில் இறங்குகிறவர் செய்யும் முதல் தவறு மூச்சை அடக்கிக்கொள்வது. அடக்கிய மூச்சோடு தலையைத் தூக்கியதும், வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும், தண்ணீரையும் சேர்த்து இழுப்பார். மார்பளவு நீரில் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை உள்ளே வைத்து மூக்கால் குமிழி விடுவதும், மேலே வந்து வாயால் மூச்சு இழுப்பதும் தானாக வரும்வரை வேறு எதையும் தொடக் கூடாது. சிலருக்கு ஒரு நாளில் வரும், சிலருக்கு நான்கு நாள் ஆகும். குழந்தையைவிட இளைஞருக்கு இது கடினம். கூட இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது மிதத்தல். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் உடம்பு மிதக்கும். ஆனால் நீருக்கு மேலே தெரிவது உடம்பில் மிகச் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு மூக்கும் வாயுமாக இருந்தால் பிழைப்பு. உதவி கேட்டு இரண்டு கையையும் தூக்கினால், தூக்கிய கையின் எடையை முகம் கொடுத்து ஈடுகட்டும், தலை உள்ளே போகும். மல்லாக்கப் படுத்து, காது நனைய, வயிற்றை உயர்த்தி, கைகளை நீருக்குள்ளேயே விரித்து வைக்கப் பழக வேண்டும். ஒல்லியான, தசை இறுகிய பையன்களுக்குக் கால் தாழும். கொழுப்பு குறைவு என்பதால் அது இயல்பு. ‘எனக்கு மிதக்கவே வராது’ என்று அவர்கள் முடிவுகட்டிவிடாமல், கைகளைத் தலைக்கு மேல் நீரோடு நீட்டி எடையைச் சமன் செய்யக் காட்டித்தர வேண்டும். மிதப்பதைவிட முக்கியமான இன்னொன்று பெரும்பாலான வகுப்புகளில் விடுபட்டுப்போகிறது: மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. முழங்காலை மார்புக்கு இழுத்து, கையால் நீரை அழுத்தி, தலையைத் தூக்கி, காலூன்றுவது. மார்பளவு தண்ணீரிலும் ஆட்கள் தவித்துப்போவது இது தெரியாமல்தான். கால் எட்டும் தண்ணீர்தான், ஆனால் காலைக் கீழே கொண்டுவரத் தெரியவில்லை.

இந்த மூன்றும் வந்த பிறகு உதைப்பும் வீச்சும் வரட்டும். முடிவில் சோதிக்க வேண்டியதும் நேரத்தையோ அழகையோ அல்ல. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து செயல்களை வரையறுத்திருக்கிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து மேலே வருதல், ஒரு நிமிடம் மிதத்தல், சுற்றித் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுகொள்ளுதல், 25 கஜம் நீந்துதல், ஏணி இல்லாமல் கரையேறுதல். கடைசி ஒன்றைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வாய்க்காலின் பாசி படிந்த சிமென்ட் சரிவில் ஏற முடியாமல் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளாவது போட்ட உடையோடு, ஜீன்ஸும் சுடிதாருமாக, தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். நனைந்த துணி நீருக்குள் ஆளைக் கீழே இழுப்பதில்லை, அசைவைத்தான் தடுக்கும். கரையேறும்போதுதான் அதன் முழு எடையும் தெரியும்.

கிராமத்துக் கிணறுகள் இந்த வரிசையைத் தெரிந்தே வைத்திருந்தன என்று தோன்றுகிறது. இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கையோ பக்கத்தில் வாழைத்தண்டோ வைத்து, மாமனோ அண்ணனோ மேலே கயிற்றைப் பிடித்திருக்க, பயல் முதலில் மிதந்தான், பிறகுதான் நீந்தினான். மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அந்தக் கிணறுகள் வற்றிவிட்டன அல்லது தூர்ந்துவிட்டன. அந்தப் பள்ளிக்கூடம் மூடிய இடத்தில் வேறொன்று திறக்கப்படவில்லை. பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்றுநரும் எல்லாக் குளத்திலும் கிடைப்பதில்லை. ஆற்றங்கரைக்குப் பெண்கள் போகாமல் இல்லை. கெடிலத்தையும் மாயனூரையும் நினைத்துப் பாருங்கள்.

ஆற்றைப் பற்றி வகுப்பறையில் சொல்ல வேண்டியது நிறைய. ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. ஒளி விலகலால் பன்னிரண்டடி ஆழம் மேலிருந்து பார்க்க ஒன்பதடி போலத்தான் தெரியும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பாலாற்றிலும் பல ஆண்டுகள் மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. கணுக்கால் நீரில் நடந்துபோகிறவரின் அடுத்த எட்டு ஆளுயரத்துக்கு மேல் இருக்கலாம். குழியின் விளிம்பு மணல் சரியும், திரும்பி ஏறக் கால் நிற்காது. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது உடம்பின் மேல் தரும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். முழங்கால் நீரும் ஆளைச் சாய்ப்பது அதனால்தான்.

தடுப்பணைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் படமெடுக்கத் தேடிப்போவது அங்கேதான். சீராக, கண்ணாடித் தகடு போல விழும் தண்ணீர். பார்க்க ஆபத்தாகத் தெரியாது. ஆனால் விழும் நீர் அணையின் காலடியில் பள்ளம் பறிக்கிறது. அடியில் போன நீர் சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி உருள்கிறது. அதில் சிக்கியவரை வெளியே விடாமல் மறுபடி மறுபடி விழும் நீருக்கடியில் கொண்டுபோய்த் தள்ளும். அங்கே தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்திருப்பதால் மிதப்பும் குறைவு. தேர்ந்த நீச்சல் வீரரும் தோற்கும் இடம் அது. அணையில் மேலே எங்கோ மதகு திறந்தால் கீழே வெயிலடிக்கும்போதே நீர்மட்டம் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடலில் கரையிலிருந்து உள்நோக்கி ஓடும் இழுவை நீரோட்டம் இருக்கும். அலைகள் உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் அமைதியாக, நுரையில்லாமல் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் அந்த ஓட்டம். குளிக்க வருகிறவர் அமைதியான இடம் என்று அங்கேயே இறங்குகிறார். உச்ச வேகத்தில் அது விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்தி வர முடியாத வேகம். அது உங்களை அடிக்கு இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதுதான் கொல்கிறது. மிதந்து, ஓட்டம் தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முதலில் மிதக்கத் தெரிந்திருந்தால்தான் இந்த அறிவுக்குப் பயன். சென்னை மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது காவலர்களின் கெடுபிடியால் அல்ல. அங்கே கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று இறங்குகிறது, இழுப்பும் வலுவானது.

நீச்சல் குளத்துக்குள்ளும் ஒரு மரணம் காத்திருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களைத்தான் அது எடுக்கும். யார் அதிக நேரம் மூச்சடக்குவது, யார் உள்நீச்சலில் அதிக தூரம் போவது என்ற பந்தயம். இறங்கும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவார்கள். அதனால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு விடு என்று உந்துவது அந்தக் கரியமில வாயுதான். உந்துதல் வரும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, வலியோ தவிப்போ இல்லாமல் நீருக்கடியில் மயக்கம் வரும். மேலே நிற்பவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எந்த வகுப்பிலும் இந்தப் பந்தயத்தை ஒருமுறைகூட அனுமதிக்கக் கூடாது.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கும் தவறுகளும் உயிரை எடுக்கின்றன. தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் கூடாது. வயிற்றிலிருந்து வருவது தண்ணீரும் சோறும். அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது முழுப் பொய். மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது நான்கு முதல் ஆறு நிமிடம். மூழ்கியவருக்கு முதலில் நின்றது மூச்சு. ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதில் தொடங்கி, பிறகு மார்பை அழுத்த வேண்டும். வெறும் மார்பழுத்தம் இவருக்குப் போதாது. ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலின் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர் பட்டம் பெற 100 கஜம் நீந்திக் காட்ட வேண்டும், முடியாதவர் தொடக்க நீச்சல் வகுப்பில் சேர வேண்டும். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் 2017-இல் சேர்ந்தவர்களிலிருந்து 50 மீட்டர் நீச்சலைக் கட்டாயமாக்கியது. இங்கே எந்தக் கல்லூரியும் சொந்தமாகக் குளம் கட்ட வேண்டியதில்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. மார்பளவு நீர், பத்துப் பேருக்கு ஒரு பயிற்றுநர், பெண்களுக்குத் தனி நேரம், ஒரு பருவத்தில் பதினைந்து மணி நேரம் போதும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமிலேயே கயிறு வீசவும் மூச்சு கொடுக்கவும் சொல்லித்தந்துவிடலாம், அதற்குக் குளமும் வேண்டாம். முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் வரும் பருவத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.

அதுவரை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி பிடித்து அருவிக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோ கிளம்பும்போது இருபது மீட்டர் கயிற்றையும் இரண்டு காலித் தண்ணீர் கேன்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ‘இங்க எறங்கலாமாண்ணே?’ என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள். குடித்தவரை இறங்கவிடாதீர்கள். கயிற்றோடு ஒருவர் கரையிலேயே இருக்கட்டும். செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரில் இருப்பவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.